எல்லோருக்கும் சேர்த்து அழித்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதையால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் நகரில் அவருக்குப் பெயர் என்று ஒன்று புழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். அட்மின் வீடு எது என்று கேட்டால் பால் ஊற்றுகிறவர் முதல் சிலிண்டர் போடுகிறவர் வரை கையைக் காட்டுவார்கள். அவர் மனைவியேகூட வாசலில் யாராவது வந்து நின்றால், அட்மின் குளிக்கிறார், உட்காருங்கள் என்றுதான் சொல்வார். ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாக இருப்பதை இவ்வளவு பெரிய உத்தியோகமாக நினைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓசூரில் பாகலூர் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் நகர் வரும். ராகி விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை பிரித்து, மனைக்கு மேல் மாடி, மாடிக்கு மேல் தகரக் கொட்டகை என்று கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கீழ்வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், மேலே மாடிகளில் தெற்கத்தித் தமிழ். எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள். நான் மத்தூர்க்காரி. கல்யாணமாகி இங்கே வந்து, வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் சேர்ந்தேன். அதே கம்பெனியில்தான் அவரும் இருந்தார். நான் ஒர்க்கர், அவர் ஸ்டாஃப்.

அவருக்குக் கம்பெனியில் வேலையே சுத்தம்தான். கூட்டிப் பெருக்குவதைச் சொல்லவில்லை. ஃபைவ் எஸ் என்று ஜப்பான்காரர்களிடமிருந்து வந்த ஒரு முறை எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேதம் மாதிரி ஓதப்படும். தேவையானது எது, தேவையில்லாதது எது என்று பிரி, தேவையானதை அதனதன் இடத்தில் வை, மற்றதை வெளியேற்று. இதற்குப் பொறுப்பாளர் அவர். ஷாப் ஃப்ளோரில் அவர் நடந்து வந்தால் கையில் சிவப்புச் சீட்டுக் கட்டு இருக்கும். இடம் மாறிக் கிடக்கும் ஸ்பேனர், உடைந்த ட்ரே, எதைப் பார்த்தாலும் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, "தேவையா? தேவையில்லன்னா எடு. கண்ணுல படக் கூடாது" என்பார். குரலை உயர்த்தமாட்டார். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவர் வீட்டுச் சமையலறையை ஒருமுறை பார்த்தேன். தோசைக்கல் மாட்டும் இடத்தில் தோசைக்கல்லின் உருவத்தையும், கரண்டி மாட்டும் இடத்தில் கரண்டியின் உருவத்தையும் சுவரில் பெயின்ட்டால் வரைந்து வைத்திருந்தார். கம்பெனியில் டூல்ஸ் மாட்டும் பலகையில் அப்படித்தான் வரைந்திருக்கும். அவர் மனைவி ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். மத்தை மாற்றி மாட்டினால் சுவரே காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்தக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் ஒரு பழைய துணியை எங்கே ஒளித்து வைப்பார் என்றுதான் தோன்றியது.

நகர் குரூப்பை அவர்தான் தொடங்கினார். தண்ணீர் லாரி என்றைக்கு வரும், கரண்ட் எப்போது போகும், எந்த ரூம் காலியாகிறது, கம்பெனி பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது, இதற்காகத்தான். கொஞ்ச நாள் சாதாரணமாக ஓடியது. பிறகு ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனில் சுற்றுவட்டாரத்துக் குரூப் அட்மின்களையெல்லாம் கூப்பிட்டு வைத்து, தப்பான விஷயங்கள் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். சொன்னவர்கள் ஒழுங்காகத்தான் சொல்லியிருப்பார்கள். இவர் காதில் விழுந்தது வேறு. குரூப்பில் எவன் எதைப் போட்டாலும் அட்மினைத்தான் தூக்குவார்கள் என்று நம்பிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாளே விதிமுறை வந்தது. தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. ஆபாசப் படம் கூடாது. வதந்தி கூடாது. சாதி, மதம், கட்சி கூடாது. ரம்மி, லாட்டரி லிங்க் கூடாது. பார்டர் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வரும் கர்நாடகா சரக்குப் பாக்கெட்டுக்கு இங்கே ஆர்டர் எடுக்கக் கூடாது. இவையெல்லாம் சட்டவிரோதம், மீறினால் உடனடி நீக்கம். இதுவரை நியாயம்தான், நானும் கட்டைவிரல் போட்டேன். கடைசியில் அவராக ஒன்றைச் சேர்த்திருந்தார். தனிநபர் பிரச்சினை, புகார், யார் மீதும் குற்றம் சாட்டிப் பதிவு போடக் கூடாது. அதற்கும் சேர்த்துத்தான் எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் கைக்கு ஓய்வே இல்லை. ஏதாவது ஒன்று விழுந்தால் முதலில் ஒரு சிவப்புக் கட்டம் போடுவார், அடுத்த நிமிடம் 'அட்மின் இந்தச் செய்தியை நீக்கினார்' என்று வரும். நாள் முழுக்க இதே வரிதான். குரூப்பைத் திறந்தால் யாரோ பேசிவிட்டுப் போன இடங்கள் மட்டும் கிடக்கும். எங்கள் தெருவில் ஒருவர் தன் அப்பா இறந்த தகவலைப் போட்டார், கூடவே மாலை போட்டு உட்கார வைத்திருந்த படத்தையும். அதையும் அழித்துவிட்டார். இறந்தவர் உடலின் படம் விதிமுறையில் வராதாம். துக்க வீட்டுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் அவரே ஒரு ரோஜா மாலையோடு அந்த வீட்டுக்குப் போய், எடுக்கிற வரைக்கும் வெயிலில் நின்றார், பாடைக்குத் தோள் கொடுத்தார். இந்த மனிதரை என்னவென்று சொல்வது? திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் வாய் வரவில்லை.

அவர் செய்ததில் ஒன்றை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒரு வடக்கத்திக்காரரின் படம் குரூப்பில் வந்தது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் இவனைப் பார்த்தார்கள், இப்போது நம் பக்கம் வந்திருக்கிறான் என்று கூடவே ஒரு ஆடியோ. அந்த ஆள் பெட்ஷீட் மூட்டையோடு எங்கள் முக்கில்தான் நின்றுகொண்டிருந்தார். அட்மின் படத்தை அழித்தார். அழித்ததோடு நிற்காமல் லுங்கியோடு ஓடினார். ஆட்கள் அந்த பெட்ஷீட்காரரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள், ஒருவன் மூட்டையைப் பிடுங்கி அவிழ்த்துவிட்டான். இவர் நடுவில் போய் நின்று, அடிப்பதென்றால் என்னை அடித்துவிட்டு அவரை அடி என்றார். தோளில் ஒரு அடியும் வாங்கினார். பிறகு அந்த ஆளைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் மாடி ரூமில் மகேஸ்வரி என்று ஒரு பெண் குடியிருந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கம். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை, அண்ணன் மட்டும்தான். அவன் இவளை வேலைக்கு அனுப்பவே சம்மதிக்காதவன். ஏதாவது ஒன்று காதில் விழுந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான். அவளுக்கு வேலை பிடித்திருந்தது, இந்த ஊரும் பிடித்திருந்தது. சம்பளத்தைவிட, தன் சாவியைத் தானே வைத்துக்கொள்வது பிடித்திருக்கிறது என்று ஒருதடவை என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் ஒரு காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் இருந்தான். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்து விடுகிறவன். அட்மினுக்கு ஊர்ப்பழக்கம், சாமல்பட்டிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அட்மின் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

எங்கள் கம்பெனியிலும் சரி, மகேஸ்வரி கம்பெனியிலும் சரி, ஒர்க்கர்கள் போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்டாஃப் மட்டும் எடுத்துப் போகலாம். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்து போனை எடுத்தால், குரூப்பில் அட்மின் நீக்கினார், அட்மின் நீக்கினார் என்று கிடந்தது. அது வழக்கம்தானே என்று நான் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் மகேஸ்வரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. லாக்கரைத் திறந்ததிலிருந்து அடிக்கிறதாம். யார் யாரோ. ஒருவன் எந்த ரூம் என்று கேட்கிறான், ஒருவன் வரலாமா என்கிறான்.

அவள் குளித்துவிட்டு மாடியில் துணி காயப்போடுவதை யாரோ எதிர்ப்பக்கமிருந்து போட்டோ எடுத்து, அவள் நம்பரையும் சேர்த்து, கீழே எழுதக் கூடாததை எழுதி நகர் குரூப்பிலேயே போட்டிருக்கிறான். இதைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அரைகுறையாகச் சொன்னாள். அவளும் நேரில் பார்க்கவில்லை, அவள் கணவன் சொன்னானாம். கணவனைக் கேட்டால் நான் எதையும் பார்க்கவில்லை என்றான். அந்தத் தெருவில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள்! யாரைக் கேட்டாலும் அன்றைக்கு நெட் இல்லை, டூட்டியில் இருந்தேன், தூங்கிவிட்டேன். மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்து அவர்களில் ஒருவனால்கூடப் பேச முடியவில்லை. பார்க்காதவனுக்கு எதற்காகத் தலை குனிகிறது?

அவளும் நானும் அட்மின் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நின்று பேசினார். முகத்தில் ஒரு வேலையை முடித்த திருப்தி. போட்டவுடனே அழித்துவிட்டதாகச் சொன்னார். அதோடு விடவில்லையாம், குரூப்பில் பெயர் தெரியாத, சேவ் செய்யாத நம்பர்களையெல்லாம் ஒரே மூச்சில் தூக்கிவிட்டாராம். தன் போனிலும் அந்தச் சாட் முழுவதையும் துடைத்துவிட்டாராம்.

"எல்லாம் சுத்தம் பண்ணிட்டன்மா. குரூப்ல இப்ப ஒண்ணும் இல்ல. நீயும் உட்டுடு" என்றார்.

"குரூப்புல இல்லண்ணே, எம் போன்ல இருக்கு. இந்தா, இப்பயும் அடிக்குது பாருங்க" என்று மகேஸ்வரி போனை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதைத் தொடாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். யார் போட்டது என்பதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டாள். படத்தைப் பார்த்ததும் கை தானாக அழித்துவிட்டது, நம்பரைக் கவனிக்கவில்லை என்றார். அந்தக்கா உள்ளே கதவோரம் நின்றிருந்தார்.

மகேஸ்வரி குரூப்பில் எழுதினாள். திட்டி எழுதவில்லை. என் படத்தைப் போட்டது யார் என்று பார்த்தவர்கள் சொல்லுங்கள், நான் போலீஸுக்குப் போகிறேன் என்று ஒரே ஒரு வரி. நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கட்டம் விழுந்தது. வரி காணாமல் போனது. அடுத்து அவளையே நீக்கிவிட்டார். புகார் பதிவு விதிமுறைக்கு எதிரானதாம். அசிங்கத்தைப் போட்டவனுக்கும் அதைப் பற்றிக் கேட்டவளுக்கும் இவர் அகராதியில் ஒரே தண்டனை. ஆபாசமும் சட்டவிரோதம், ஆபாசத்துக்கு ஆளானவள் வாயைத் திறப்பதும் சட்டவிரோதம்!

மகளிர் காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், மரியாதையாகவும் பேசினார்கள். மேலிடம் வழியாக வாட்ஸ்அப் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் விவரம் வரும், ஆனால் நாளாகும், பார்த்தவர் யாராவது இந்த நம்பர்தான் என்று வந்து சொன்னால் உடனே கூப்பிட்டு விசாரிக்கலாம் என்றார்கள். அருப்புக்கோட்டையில் அண்ணன் காதுக்கு அதற்குள் விஷயம் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பெட்டியைக் கட்டி வை என்று சொல்லிவிட்டான். அதற்குள் போட்டவன் யார் என்று தெரிந்தால் தலை நிமிர்ந்து இங்கேயே இருப்பாள். தெரியாவிட்டால் அவள்தான் ஏதோ செய்துவிட்டு ஓடினாள் என்று ஆகிவிடும்.

நான் கம்பெனியில் அவரைப் பிடித்தேன். ஷாப் ஃப்ளோரின் கடைசியில் ரெட் டேக் ஏரியா என்று கம்பி வலை அடித்த இடம் ஒன்று உண்டு. சிவப்புச் சீட்டு ஒட்டிய சாமான் எதுவும் நேராகக் குப்பைக்குப் போகாது, முதலில் இங்கேதான் வரும். யார் ஒட்டியது, எங்கே கிடந்தது, ஏன் வேண்டாம் என்று சீட்டில் எழுதியிருக்கும். யாராவது எனக்கு வேண்டும் என்று வருவார்களா எனக் காத்திருந்துவிட்டுத்தான் வெளியே போகும். அதுதான் சட்டம், அதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர். போன வருஷம், அளவு சரிபார்க்கும் கேஜ் ஒன்று தேய்ந்துபோனதை நான் நேராக ஸ்க்ராப்பில் போட்டுவிட்டேன் என்று, எல்லோர் முன்னாலும் ஸ்க்ராப் தொட்டிக்குள் கையை விட்டுத் தேடி எடுக்கவைத்தார். கையெல்லாம் கிரீஸ்.

அந்தக் கம்பி வலைக்கு முன்னால் நின்றுதான் கேட்டேன். "தேஞ்ச கேஜுக்கு ஆள் பேர் எழுதி வைக்கச் சொன்னீங்களே சார், அந்தப் புள்ளைக்கு ஏன் வைக்கல?"

சுற்றும் முற்றும் பார்த்தார். கம்பெனி வேறு, இது வேறு என்றார். அந்த மாதிரிப் படம் போனில் இருந்தால் அதுவே ஒரு கேஸ், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குதும்மா" என்றார். பெண் பிள்ளைகள் இருப்பதை எதற்கெல்லாம் காரணமாகச் சொல்கிறார்கள் பாருங்கள். படத்தை வைத்திருக்கச் சொல்லவில்லை, போட்டவன் யார் என்று சொன்னால் போதும் என்றேன். நான்தான் பார்க்கவில்லை என்கிறேனே என்று சீட்டுக் கட்டோடு நடந்து போய்விட்டார். சரி, பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது மகேஸ்வரியின் யோசனை. நான் இன்னும் குரூப்பில் இருந்ததால், அவர் நீக்கிய நம்பர்கள் என் போனில் தெரிந்தன. பெரிய கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் அவன் இருக்கிறான். மகேஸ்வரி என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராக அடிக்கத் தொடங்கினாள். ஸ்பீக்கரில் போட்டாள். தன்னை யார் யாரோ கூப்பிட்டார்கள் அல்லவா, இப்போது தான் கூப்பிடுகிறேன் என்றாள்.

"நான் மகேஸ்வரி பேசுறேன். நகர் குரூப்புல எம் படத்தப் போட்டாங்கல்ல, அந்தப் பொண்ணு. நீங்க பாத்தீங்களா?"

இதே வார்த்தைகள்தான் ஒவ்வொருவரிடமும். குரல் உடையவே இல்லை. எடுத்தவர்கள் பாவம், தங்களை ஏன் நீக்கினார்கள் என்றே தெரியாதவர்கள். காலிசெய்துகொண்டு ராயக்கோட்டைக்குப் போனவர்கள், இட்லி மாவு விற்கும் ஒரு கன்னடத்து அம்மா, ஹிந்தி தவிர வேறு தெரியாத ஒரு கார்பென்டர். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் அழுதார். ஒருவன் மட்டும் மகேஸ்வரி என்ற பெயரைக் கேட்டதுமே வைத்துவிட்டான். திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். டிபியில் சாமி படம். அந்த நம்பர் யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் அந்த நம்பரைக் கொடுத்தோம். போனை வைத்ததை மட்டும் வைத்து ஒருவனைப் பிடிக்க முடியாதே அம்மா, உங்கள் அட்மினை வரச் சொல்கிறோம், அவர் இந்த நம்பர்தான் என்று சொன்னால் போதும் என்றார்கள். அப்போதே அவருக்குப் போன் போட்டு மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். மகேஸ்வரி அன்றைக்குத்தான் கொஞ்சம் சாப்பிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் என் போனில் இரண்டு வரிகள் வந்திருந்தன. முதல் வரி, 'நீங்கள் இப்போது அட்மின்.' இரண்டாவது, அவர் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார் என்பது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து திரும்பக் கூப்பிட்டபோது, நான் அந்தக் குரூப்பிலேயே இல்லை, அட்மின் வேறொருவர் என்று பதில் சொல்லியிருக்கிறார். தோளில் அடி வாங்கிக்கொண்டு ஊர் பேர் தெரியாத ஒருவரைக் காப்பாற்றிய அதே ஆள்தான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். என் வீட்டுக்காரர்தான் பிடுங்கி வைத்துக்கொண்டு, முதலில் அந்தப் பெண்ணைச் சேர் என்றார்.

சேர்த்தேன். அவர் தூக்கிய நம்பர்களில், சாமி படக்காரனைத் தவிர, மற்றவர்களையும் சேர்த்தேன். மகேஸ்வரி இந்த முறை எழுதவில்லை, பேசிப் போட்டாள். என் படத்தைப் போட்டவனை நான் தேடுகிறேன், நாளைக்கு என் அண்ணன் வந்து என்னைக் கூட்டிப் போய்விடுவான், நான் தப்புச் செய்யவில்லை, பார்த்தவர்கள் யாராவது வாருங்கள் என்று. டிக்குகள் மட்டும் நீலமாகிக்கொண்டே போயின. மாவு விற்கும் அம்மா மட்டும், நான் பார்க்கவில்லை மகளே, ஆனால் உன்னோடு வருகிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். எங்கள் தெருவின் ஆம்பளைச் சிங்கங்கள் எல்லாம் போனுக்குள் ஒளிந்துகொண்டிருந்தன.

மத்தியானம் ஒரு குரல் பதிவு வந்தது. அட்மினின் மனைவி. அந்தக்கா குரூப்பில் இருப்பதே எனக்கு ஞாபகமில்லை, ஒருநாளும் எதுவும் போட்டதில்லை. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"மகேஸ்வரி, நான் பாத்தேன்மா. அவரு போன் சார்ஜ்ல இருந்துச்சு, நான்தான் மொதல்ல பாத்தேன், பாத்து அவருகிட்டக் காட்டினேன். பேரோட வந்துச்சு. எதிர் மாடி சூப்பர்வைசர். எங்க வீட்ல உக்காந்து சாப்ட்டவன்தான். இவரு அழிச்சிட்டு அவனுக்குப் போன் பண்ணி, ஏன்டா மாத்திப் போட்டுட்ட, இது நகர் குரூப்புடான்னு கேட்டாரு. வேற ஏதோ குரூப்புக்குப் போடறதாம். அப்புறம்தான் அவன் நம்பர மறைக்க, பேர் தெரியாத நம்பரையெல்லாம் சேத்துத் தூக்கனாரு. இத்தினி நாளு வாய மூடினு இருந்தேன். ஸ்டேஷனுக்கு வர்றேன், என்னைக் கூட்டினு போங்க."

நான் அதை மறுபடி ஒருமுறை கேட்டேன். மாத்திப் போட்டுட்ட! அந்த வார்த்தைதான் என்னை அறைந்தது. தப்பான குரூப்பில் போட்டதுதான் அவருக்குத் தப்பாகத் தெரிந்திருக்கிறது. சரியான குரூப் ஒன்று இருப்பது அவருக்கு முன்பே தெரியும். அங்கே அந்தப் படம் இருந்துகொண்டே இருந்தது, அங்கிருந்துதான் அத்தனை பேர் மகேஸ்வரியைக் கூப்பிட்டார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தன் குரூப்பில் இல்லை, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேனே, பயந்தவனை மன்னித்துவிடலாம். இவர் கணக்குப் போட்டு ஒருவனைக் காப்பாற்ற, அதற்குத் துணையாக ஊரிலுள்ள நல்லவர்களையெல்லாம் குப்பையோடு சேர்த்து வெளியே தள்ளியிருக்கிறார்.

நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். அந்தக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார், ஏதோ விசேஷத்துக்குப் போவது போல. வழியில் மகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், தெலுங்கில் ஏதோ சொன்னார். மகேஸ்வரிக்குப் புரியவில்லை, ஆனாலும் தலையை ஆட்டினாள். ஆட்டோ ஸ்டேஷன் முன்னால் நின்றபோது பின்னாலேயே பைக் வந்து நின்றது. அட்மின். இறங்கவில்லை, பைக்கில் உட்கார்ந்தபடியே, "ஊட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார். அந்தக்கா திரும்பிப் பார்த்தார். படியேறினார். அவர் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்பது மாதிரி ஒரு பார்வை. நான் பார்த்த அவருடைய கடைசி முகம் அதுதான். அதற்குப் பிறகு கம்பெனியிலும் தெருவிலும் என் கண்ணில் படாமலே இருந்துவிட்டு, அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை.

உள்ளே ஒரு பெண் ஏட்டம்மா உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தக்கா போனில் சொன்னது அத்தனையையும் மறுபடி சொன்னார், அந்தச் சாமி படக்காரன் நம்பர்தான் சூப்பர்வைசருடையது என்று தன் போனில் காட்டினார், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஏட்டம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அட்மின் உங்கள் வீட்டுக்காரர்தானே, அவர் எங்கே என்று கேட்டார்.

"வெளியதான் நிக்கிறாரு. அவரு உள்ள வரமாட்டாரு" என்றார் அந்தக்கா. "நான் சொல்றத எழுதிக்கங்க."